கிதார் ஏன் உறுமுகிறது?

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்க மேடையில் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோலாட்டம் முடிந்தது, பட்டிமன்றம் முடிந்தது, "அடுத்து மின்சாரக் கிதார் இசை" என்று செயலாளர் அறிவித்தார். அடியேன் கிதாரும் கையுமாக மேடை ஏறினேன். ஒயரைச் செருகியதுதான் தாமதம், 'ம்ம்ம்' என்றோர் இரைச்சல் மண்டபம் முழுவதும் நிறைந்தது. நானோ இன்னும் கம்பியைத் தொடவே இல்லை! பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐயா, சுருதி சேர்ந்துவிட்டது, பாட்டைத் தொடங்குங்கள்" என்றது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்தச் சிரிப்பில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் மாலை, முதலாண்டில் படிக்கும் தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பட்டியல். கிப்சன் லெஸ் பால் கிதார், மார்ஷல் 100 வாட் ஆம்ப்ளிபயர், பெடல் வகையில் ஐந்து, அடியில் கூட்டுத்தொகை. "அண்ணா, இவையெல்லாம் வாங்கிவிட்டால் அந்த இரைச்சல் வராதல்லவா? ஹார்ட் ராக் கலைஞர்கள் வாசிப்பதுபோலவே ஒலிக்குமல்லவா?" என்று கேட்டார். அத்தொகை அவருடைய ஓராண்டு உதவித்தொகையைவிட அதிகம். குறைவதை ஊரில் தையல் வேலை செய்யும் தம் அக்காவிடம் கேட்க எண்ணியிருந்தார். அவருக்கு மூன்று மாலைகளில் நான் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். இயற்பியல் மாணவன் வாயைத் திறந்தால் மூன்று மாலை ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மின்சாரக் கிதாரின் கம்பிகள் எஃகால் ஆனவை. அவற்றின் அடியில் 'பிக்கப்' எனப்படும் சிறு கட்டை பதிந்திருக்கும். அதனுள் நிலைக்காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் கீழே செப்புச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் பாரடே கண்டறிந்ததும், நாம் பள்ளியில் நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கியதும் இதுவேதான். ஆனால் அந்தச் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. மண்டபத்துச் சுவருக்குள் நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடும் மின்சாரமும் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதையும் கம்பியின் இசையென்றே எண்ணிச் சுருள் வாங்கிக்கொள்கிறது. பொங்கலன்று நீங்கள் கேட்ட சுருதி நம் மின்வாரியத்தின் சுருதி. மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வேறு அருகிலேயே இருந்தது.

இதற்கு மருந்து கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர். 1955-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிக்கப்பில் இரண்டு சுருள்கள் இருந்தன. இரண்டாம் சுருளில் காந்தத்தின் துருவத்தைத் திருப்பி வைத்தார். சுருளின் இணைப்பையும் திருப்பினார். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு இந்தக் காந்தத்தோடு உறவில்லை. ஆகவே அது ஒரு சுருளில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து தானே மாய்ந்துபோகிறது. கம்பியின் ஒலியோ காந்தத்தால் ஒருமுறையும் இணைப்பால் ஒருமுறையும் திரும்பி, நேராகி, இரட்டிக்கிறது. எவ்வளவு எளிய தந்திரம் பாருங்கள்! இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். லெஸ் பால், எஸ்.ஜி. முதலிய கிப்சன் கிதார்களின் தடித்த குரலுக்கு இது ஒரு முதற்காரணம். 1954-இல் பென்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று ஒற்றைச் சுருள்கள். குரல் மெல்லியது, தெளிவானது, இரைச்சலும் உடையது. ஜிமி ஹென்றிக்ஸ் பெரிதும் வாசித்தது அதைத்தான். வலக்கையாளர்க்கென்று செய்ததைத் தலைகீழாகத் திருப்பிக் கம்பிகளை மாற்றிக் கட்டி இடக்கையால் வாசித்தார். எனவே இரைச்சல் வருவதாலேயே ஒரு கிதாரைக் குப்பையில் போடவேண்டியதில்லை.

இனி உறுமலுக்கு வருவோம். உறுமுவது பெரும்பாலும் கிதார் அன்று, ஆம்ப்ளிபயர்.

நம் தாத்தாக்களின் ரேடியோப் பெட்டிக்குள் செந்தணலாய் ஒளிர்ந்த கண்ணாடி வால்வுகளை நினைவிருக்கிறதா? ஹார்ட் ராக் ஆம்ப்ளிபயர்களில் இன்றும் அவையே அரசு செலுத்துகின்றன. எந்த வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் பெருக்கச் சொன்னால் அதனால் இயலாது. அலையின் தலை, பழனிக்குப் போய் வந்ததுபோல, மொட்டையாகிவிடும். பொறியாளர் இதைப் பழுது என்பர். ஆனால் மொட்டையான அலைக்குள் புதிய ஒலிகள் பிறக்கின்றன. நொடிக்கு 110 அதிர்வு உள்ள சுரம் ஒன்றை அனுப்பினால் 330, 550, 770 என்று அதன் ஒற்றைப்படை மடங்குகள் கூடவே வருகின்றன. அலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒத்தபடி வெட்டுப்படாவிட்டால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இன்னொன்றும் நிகழ்கிறது. கம்பியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும், வெட்டுப்படும் அளவுக்கு மேலே இருக்கும்வரை வெளியே வரும் ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை. மீட்டியவுடன் மறையவேண்டிய சுரம், வயலினில் வில் இழுத்தாற்போல் நீண்டு நிற்கிறது.

இரண்டு சுரங்களை ஒருசேர மீட்டினால் கதை இன்னும் சுவையாகிறது. மொட்டையடிக்கும் ஆம்ப்ளிபயர் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய சுரங்களாக ஈனும். சட்ஜம் 110, பஞ்சமம் 165 என்று கொள்ளுங்கள். கழித்தால் 55, அதாவது சட்ஜமே ஒரு ஸ்தாயி கீழே! கூட்டினால் 275, அதுவும் 55-இன் மடங்கு. எல்லாம் ஒரே குடும்பம். மற்றச் சுரங்களைச் சேர்த்தால் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவராது, குழம்பிய கூச்சலாகும். ஹார்ட் ராக் இசையில் ஏன் எப்போதும் ச-ப, ச-ப என்றே இடிக்கிறார்கள் என்று கேலி செய்வோர் இதைக் கருதுக. ஆம்ப்ளிபயரின் குணமே பாட்டின் இலக்கணத்தை வகுத்துவிட்டது.

அந்த மார்ஷல் ஆம்ப்ளிபயரின் பிறப்பும் கேட்கத்தக்கது. லண்டனின் மேற்கே ஹான்வெல் என்னுமிடத்தில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம் விற்கும் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்ளிபயர்கள் அங்கே கொள்ளை விலை. ஆகவே அவரும் அவர் கடையினரும் 1962-இல் பென்டர் நிறுவனத்தின் 'பாஸ்மேன்' சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு, உள்ளூரில் கிடைத்த உறுப்புகளால் தாமே ஒன்றைச் செய்தனர். உறுப்புகள் மாறியதால் குரலும் மாறியது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் இன்னும் ஓசை வேண்டும் என்று கேட்க, 1965-இல் 100 வாட் ஆம்ப்ளிபயர் வந்தது. அவர் எட்டு ஸ்பீக்கர்களையும் ஒரே பெட்டியில் வைக்கச் சொன்னாராம். தூக்குகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டனர். பிறகு நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினர். மேடையில் நாம் காணும் கரிய கோபுரம் அவ்வாறு எழுந்ததே.

தம்பியின் பட்டியலில் இருந்த 100 வாட்டைப் பற்றி ஒரு சொல். 100 வாட் என்பது 50 வாட்டைப்போல் இருமடங்கு ஓசை தராது. மூன்று டெசிபெல்தான் கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். நம் விடுதி அறையில் 100 வாட் வால்வு ஆம்ப்ளிபயரை அதன் எல்லைவரை முடுக்கினால் உறுமல் வருமுன் வார்டன் வந்துவிடுவார். 1969-இல் வெளிவந்த லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டில் ஜிம்மி பேஜ் வாசித்தது லெஸ் பாலும் அன்று, மார்ஷல் கோபுரமும் அன்று. டெலிகாஸ்டர் கிதாரும் சுப்ரோ என்னும் சிறிய ஆம்ப்ளிபயரும்.

பெருங்கலைஞர்களின் கருவிகளை நுணுகிப் பார்த்தால் கடையில் வாங்கியது பாதி, கையால் செய்துகொண்டது பாதி என்பது விளங்கும்.

பர்மிங்காம் நகரத்து டோனி அயோமி தகடு வேலை செய்யும் ஆலையில் தொழிலாளி. பதினேழாம் வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆகவே கம்பியை அழுத்துவது வலக்கை. இனி வாசிக்க முடியாது என்றே எண்ணினார். இரண்டு விரல் செயலிழந்தும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து கேட்கச் செய்தார். பிறகு அயோமி ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மேலே தோல் ஒட்டினார். கிதார்க் கம்பிகள் விரலை வருத்தின. மெல்லிய பான்ஜோக் கம்பிகளைக் கட்டினார். 1971-இல் 'பிளாக் சப்பாத்' குழுவின் மூன்றாம் இசைத்தட்டில் பல பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது நம் பாடம். கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று அரைச்சுரம் இறங்கினால் 100 பங்கு இழுவிசை 71 பங்காகிறது. விரலுக்கு அத்தனை ஆறுதல். அவருடைய எஸ்.ஜி. கிதார், ஒரேயொரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த சிறு பெட்டி, உள்ளூரில் செய்த லேனி ஆம்ப்ளிபயர் ஆகியவற்றின் வழியே அந்தத் தளர்ந்த கம்பிகள் இருண்ட குரலில் முழங்கின. பின்னால் ஒரு பெரும் இசைப்பிரிவே அக்குரலைப் பின்பற்றியது.

இந்தக் கதையை என் தந்தையாரிடம் சொன்னேன். பிழைப்புக்காக வடக்கே வந்து, பரீதாபாத்தில் பிரஸ் இயந்திரத்தில் இருபது ஆண்டு நின்றவர் அவர். இடக்கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏண்டா, அந்த மெஷினுக்குத் தடுப்புப் போட்டிருக்கலையா?" என்றார். சிறிது நேரம் கழித்து, "பிளாஸ்டிக்கை எப்படிப்பா விரல்ல நிக்க வெச்சான்?" என்று கேட்டார். தோலை எப்படி ஒட்டியிருப்பார் என்று அன்றிரவு இருவரும் படம் போட்டுப் பார்த்தோம்.

அடுத்தவர் நம் இனம். 'குவீன்' குழுவின் பிரையன் மே இயற்பியல் மாணவர். 1963-இல் பள்ளிச் சிறுவனாக இருக்கையில், மின்னணுத் துறையில் பணியாற்றிய தம் தந்தையாரோடு சேர்ந்து கிதார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்சட்டம் கிதாரின் கழுத்தாயிற்று. மரத்தில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார். சுருதியை அசைக்கும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடி நுனிக்குப் பின்னல் ஊசி. பிக்கப்பையும் தாமே சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதில் விந்தையான ஓசை வந்தது. காந்தத் துருவங்களின் அமைப்பு ஒத்துவரவில்லை. அப்போதுதான் கடைக்குப் போய் மூன்று பிக்கப் வாங்கினார். மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால். ஆம்ப்ளிபயர் வாக்ஸ் ஏ.சி.30. இவற்றினும் எனக்குப் பிடித்தது வேறொன்று. அக்குழுவின் ஜான் டீக்கன் மின்னணுவியல் மாணவர். குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு டிரான்சிஸ்டர்ச் சுற்றை எடுத்துவந்து, பழைய ஸ்பீக்கர்ப் பெட்டிக்குள் பொருத்தி, மின்கலத்தால் ஓடச் செய்தார். 1975-இல் வந்த 'குட் கம்பெனி' பாடலில் ஒரு ஜாஸ் வாத்தியக் குழுவே வாசிப்பதுபோல் கேட்கும். அது மேயின் கிதார் அந்தச் சிறு பெட்டியின் வழியே பாடியது. இக்குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி நம் நாட்டுப் பஞ்சகனியில் பள்ளியில் படித்தவர் என்பது இடையில் ஒரு செய்தி. மே இடையில் விட்டுப்போன ஆராய்ச்சியை மீண்டும் தொடங்கி, சூரிய மண்டலத்துத் தூசியைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 2007-இல் டாக்டர் பட்டம் பெற்றார். முப்பது ஆண்டுக்கு மேல் தாமதம். என் ஆய்வு மேற்பார்வையாளர் இந்த வரியைப் படிக்காதிருப்பாராக!

மூன்றாமவர் எட்டி வான் ஹேலன், 1955-இல் ஆலந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். 50 டாலர் உடலும் 80 டாலர் கழுத்தும் வாங்கிப் பூட்டி, வேறொரு கிப்சன் கிதாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கரைப் பதித்தார். அது கீச்சிடாதிருக்க உருக்கிய மெழுகில் தோய்த்தார்; சுருள் தளர்ந்து தானே அதிர்ந்தால் கீச்சிடும். அவருடைய 100 வாட் மார்ஷல் சிறு அரங்குகளுக்கு மிகையான ஓசை உடையது. குறைத்து வைத்தாலோ உறுமல் வராது. என்ன செய்தார்? நம் ஆய்வுக்கூடத்தில் மேசை மூலையில் தூசி படிந்து கிடக்கிறதே, வேரியாக், அதைக்கொண்டு ஆம்ப்ளிபயருக்கு வரும் மின்னழுத்தத்தை 90 வோல்ட்டு அளவுக்கு இறக்கினார். எல்லை தாழ்ந்தது; தாழ்ந்த ஓசையிலேயே அலை மொட்டையாயிற்று. 1978-இல் வந்த முதல் இசைத்தட்டின் புகழ்பெற்ற குரலில் இதற்கும் பங்குண்டு. தொடக்கத்தில் மின்னழுத்தத்தை ஏற்றியதாகப் பேட்டிகளில் சொல்லிவைத்தார். அதை நம்பி ஏற்றினால் ஆம்ப்ளிபயர் புகைந்துவிடும். இறக்குவதையும் வால்வு ஆம்ப்ளிபயரின் உட்புறம் அறியாதவர் செய்யலாகாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தம்பிமார் யாரும் திருப்புளியோடு உள்ளே கைவிட வேண்டாம்.

பட்டியல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஹம்பக்கர். தம்பியிடம் முன்பே இருந்த பழைய கிதாரில் அதைப் பதித்தோம். பற்றவைத்தது அடியேன், திட்டு வாங்கியது தம்பி. என் கிதாரின் உட்குழிவுக்குச் செப்புத் தகடு ஒட்டினோம். தகடு மின்புலத்தால் வரும் இரைச்சலைத்தான் தடுக்கும்; காந்தப்புல இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஆம்ப்ளிபயர் அவர் நண்பர் தந்த 10 வாட் பெட்டி. அதன் முன்னே கிதாரைச் சற்றுத் திருப்பி நின்றால் ஸ்பீக்கரின் ஓசை கம்பியை அசைக்க, கம்பி ஸ்பீக்கரை அசைக்க, சுரம் தானே வளர்ந்துகொண்டு போகிறது. ஹென்றிக்ஸ் 1969-இல் வுட்ஸ்டாக் திடலில் கையாண்ட வித்தை இதுவே என்று சொன்னதும் தம்பி அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அக்காவிடம் பணம் கேட்கவும் இல்லை.

சித்திரைத் திருநாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கும்படி சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறோம். அந்த நேரம் மட்டும் மேடை விளக்குகளின் கருவியை அணைத்து வைக்கவேண்டும் என்று எழுத்திலேயே விண்ணப்பித்திருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.