ஜவ்வரிசியைவிடச் சின்னக் கடிகாரம்!

குழந்தைகளே, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா? மரவள்ளிக் கிழங்கு மாவை உருண்டையாக்கி, சல்லடையில் சலித்து, பெரிசு, சிறிசு என்று பிரிப்பார்கள். கடலடிச் சேற்றை ஆராயும் விஞ்ஞானிகளும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் சலித்து எடுக்கும் உருண்டைகள் ஜவ்வரிசியைவிடச் சிறியவை. அவை நமக்குக் காட்டுவது என்ன தெரியுமா? காலம்!

அந்த உருண்டைகளின் பெயர் ஃபோராமினிஃபெரா. ஒரே ஒரு செல் கொண்ட உயிரிகள் இவை. இவற்றில் சில வகைகள் கடல்நீரில் மிதந்தபடியே வாழும். சுண்ணாம்பால் ஆன ஓட்டை அறை அறையாகக் கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இறந்ததும் ஓடுகள் கடலடிக்குப் போய்ச் சேரும். அவற்றின் மேல் சேறு படியும். அதன் மேல் புதிய ஓடுகள் விழும். இப்படியே அடுக்கடுக்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகள்!

ஆத்தூரில் கிடைக்குமா?

கிடைக்காது. கல்வராயன் மலையும் பச்சைமலையும் சூழ்ந்த ஆத்தூர்ப் பகுதிப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஆனால் தென்கிழக்கே பஸ் ஏறி, பெரம்பலூர் தாண்டிப் போங்கள். காரை, அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. காரையின் களிமண் பாறைகளுக்குச் சுமார் 10 கோடி வயது. அங்கே இந்த நுண்ணிய ஓடுகள் உண்டு.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

சேற்றை ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் கழுவி, உலர்த்துவார்கள். கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்தபடி, ஈரமான மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பார்கள். எத்தனை அறைகள்? சுருள் எந்தப் பக்கம்? துளைகள் எப்படி? இவைதான் கேள்விகள்.

பிரேஆர்புலினா குளோமெரோசா என்ற உயிரியைப் பாருங்கள். அதில் மூன்று துணையினங்கள் உண்டு. குர்வா முதலில் வந்தது. அதன் கடைசி அறை மற்ற அறைகளைப் பாதிதான் மூடும். ஓரத்தில் சில கீற்றுத் துளைகள் இருக்கும். அடுத்தது குளோமெரோசா. அதில் கடைசி அறை இன்னும் அதிகமாக மூடும், கீற்றுகளும் அதிகம். மூன்றாவது சர்குலாரிஸ். அது ஏறக்குறைய பந்துதான். அதன் துளைகள் சின்னச் சின்ன வட்டங்கள். முதல் இரண்டும் சுமார் 1 கோடியே 63 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றின. சர்குலாரிஸ் வந்தது சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அதற்கும் பிறகு, சுமார் 1 கோடியே 51 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆர்புலினா வந்தது. அதில் கடைசி அறை மற்ற எல்லா அறைகளையும் விழுங்கிவிடும். அச்சு அசல் ஜவ்வரிசிதான்! அது இன்றும் கடலில் வாழ்கிறது.

இப்போது யோசியுங்கள். ஒரு சேற்றில் சர்குலாரிஸ் இருந்தால், அந்தச் சேறு 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளைவிடப் பழையதாக இருக்க முடியாது. குர்வாவைச் சர்குலாரிஸ் என்று தவறாகச் சொல்லிவிட்டால்? கணக்கு 3 லட்சம் ஆண்டுகள்வரை பிசகிவிடும்! துளை கீற்றா, வட்டமா என்பதில் அவ்வளவு இருக்கிறது.

இந்த வயதெல்லாம் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் வயதையும், பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசையையும் ஒப்பிட்டுத்தான் கணக்கிட்டார்கள்.

நம் நாட்டவரின் பங்கு

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.சீனிவாசன், அமெரிக்காவின் ஜேம்ஸ் கென்னட்டுடன் சேர்ந்து, மிதக்கும் ஃபோராமினிஃபெராக்களை அடையாளம் காண ஒரு பெரிய படநூலை 1983-இல் வெளியிட்டார். எந்த வகையிலிருந்து எந்த வகை வந்தது என்பதையும் அது காட்டுகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்கும் இந்தச் சின்ன ஓடுகள் தேவை. துளையிடும் கருவி எந்தக் காலத்துப் பாறையை எட்டியிருக்கிறது என்று அவைதான் சொல்லும். வயதைத் தவறாகக் கணித்தால் பணமும் உழைப்பும் வீண்!

அவசரப்படாதீர்கள்!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அவை அமோனைட் என்ற கடல்வாழ் உயிரியைச் சுற்றி உருவான படிவங்கள் என்றார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டையாகிவிடுமா?

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், ஒரு பிடி மணலைக் கறுப்புத் தாளில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சின்ன ஓடு கண்ணில் பட்டால் உடனே பெயர் வைத்துவிடாதீர்கள். முதலில் நோட்டில் படம் வரையுங்கள். அறைகளை எண்ணுங்கள். துளையைக் கவனியுங்கள். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்றும் மறக்காமல் எழுதுங்கள். இடம் தெரியாத ஓடு, முள் இல்லாத கடிகாரம் மாதிரி!