ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஈரம்!

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து நம் ஊரில் பவுடராகவும் வருகிறது. மருந்தை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை அப்படியே ஆவியாக்கி, காய்ந்த பவுடரை ரப்பர் மூடியால் அடைத்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்திலும் தாங்கும்.

அதன்பிறகு ஈரம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? அந்த மூடியிலிருந்தேதான்! கிருமி நீக்க மூடிகளை 121 டிகிரி நீராவியில் வைக்கும்போது, ரப்பர் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். ஆனால், மாதக்கணக்கில் அந்த ஈரம் மெள்ள மெள்ள மருந்துக்குள் இறங்கும். சில ஊசி மருந்துகளில் பவுடரே 50 மில்லிகிராம்தான். அதில் 1 மில்லிகிராம் தண்ணீர் சேர்ந்தாலே 2 சதவிகிதம். வீரியம் குறைய அதுவே போதுமானதாகிவிடலாம்.

அதனால் மூடிகளைச் சூடான காற்றில் மணிக்கணக்கில் உலர்த்துகிறார்கள். காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே? சாம்பிளுக்கு எடுத்த மூடியைச் சூடாக்கி, வெளியேறும் ஆவியை உலர்ந்த நைட்ரஜன் வாயுவோடு அயோடின் கரைசலுக்குள் அனுப்புவார்கள். தண்ணீர் எவ்வளவோ, அதற்கேற்ப அயோடின் செலவாகும். ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் 1935-ல் வெளியிட்ட முறை இது. இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

பாட்டிலில் நாம் தேடிப் பார்க்கும் காலாவதி தேதியில், இந்த மூடிக் கணக்குக்கும் பங்கு உண்டு.