இலை உதிர்வதைப் போல: ‘அப்போப்டோசிஸ்’ என்னும் சொல்

புற்றுநோய்க்கான சிகிச்சையை விளக்கும்போது மருத்துவர்கள் ‘அப்போப்டோசிஸ்’ என்று ஒரு சொல்லைக் குறிப்பிடுவதுண்டு. வாயில் எளிதில் நுழையாத அச்சொல்லின் பொருள் மிக எளியது. கிரேக்க மொழியில் ‘அப்போ’ என்றால் விலகி. ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதை இச்சொல் குறிக்கும். கண்ணிமை தொங்கிவிடும் குறையை ‘டோசிஸ்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்ததே.

ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கர்ரி என்னும் மூன்று நோய்க்குறியியல் அறிஞர்கள் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இப்பெயரை முன்வைத்தனர். அதை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர், ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மாக்.

அவர்கள் பெயரிட்டது உயிரணுக்கள் இறக்கும் ஒரு முறைக்கு. தீக்காயத்தாலோ இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ இறக்கும் உயிரணு பெரும்பாலும் வீங்கி வெடிக்கிறது. சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. இதற்கு ‘நெக்ரோசிஸ்’ என்று பெயர். ‘நெக்ரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் பிணம். அப்போப்டோசிஸ் அப்படியன்று. உயிரணு தன்னுள்ளேயே இருக்கும் ஏற்பாட்டின்படி சுருங்கி, சிறு துண்டுகளாகப் பிரிகிறது. அண்டையிலுள்ள உயிரணுக்கள் அத்துண்டுகளை விழுங்கிவிடுகின்றன. முன்னது புயலில் பச்சை இலை கிழிவது போன்றது. பின்னது பழுத்த இலை காம்போடு கழன்று விழுவது போன்றது.

இந்த உதிர்வு நம் நலத்துக்கு இன்றியமையாதது. கருவிலிருக்கும் குழந்தையின் விரல்களுக்கிடையே உள்ள சவ்வு இவ்வாறு மறைவதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. பழுதுபட்ட உயிரணுக்களும் நாள்தோறும் இவ்வழியே நீங்குகின்றன. உதிர வேண்டிய நேரத்தில் உதிர மறுத்து, பெருகிக்கொண்டே போவது புற்றுநோய் உயிரணுவின் இயல்புகளுள் ஒன்று.

கீமோதெரபி மருந்துகளும் கதிர்வீச்சும் அந்த உயிரணுக்களைச் சேதப்படுத்தி, பெரும்பாலும் இவ்வழியிலேயே அவற்றை மடியச் செய்கின்றன. சிலவகை இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வெனடோக்ளாக்ஸ், உதிர்வைத் தடுக்கும் பிசிஎல்-2 என்னும் புரதத்தையே முடக்குகிறது.

கீமோதெரபியின்போது முடி கொட்டுவதற்கும் இங்கே விளக்கம் உண்டு. முடியின் வேரிலும் வாயின் உட்புறத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் விரைந்து பெருகும் நல்ல உயிரணுக்கள் இருக்கின்றன. சில மருந்துகள் அவற்றையும் தாக்குகின்றன. கொட்டிய முடி பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். ஆனால் மஜ்ஜை பாதிக்கப்பட்டு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் காத்திருக்கலாகாது. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், இரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புற்றுநோய் உயிரணுக்களைத் தாமாக மடியச் செய்யும் என்று சில பொடிகளும் கஷாயங்களும் விளம்பரம் செய்யப்படுகின்றன. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் ஒரு பொருள் உயிரணுவைக் கொல்வதும், நோயாளியின் உடலில் நோயைத் தணிப்பதும் ஒன்றல்ல. அவற்றுள் சில, நடந்துவரும் சிகிச்சைக்கு இடையூறாகவும் அமையலாம். எதையும் உட்கொள்ளுமுன் உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் கூறும் சொல் விளங்காவிட்டால் அதன் பொருளையும் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.