சிலேன் இரசாயனங்களும் நீர்வாழ் உயிர்களும்: நச்சுத்தன்மையை மதிப்பிடும் முறை

சிலிக்கன் அணுவை நடுவாகக் கொண்டு அமைந்த சேர்மங்களில் ஒரு பெருந்தொகுதிக்குச் சிலேன்கள் என்று பெயர். கண்ணாடி இழை, ரப்பர், வண்ணப்பூச்சு, உலோக வார்ப்பு ஆகிய தொழில்களில் இவை மிகுதியாகப் பயன்படுகின்றன. டெட்ரா ஈதாக்ஸி சிலேன் இவற்றுள் ஒன்று. தொழில் வட்டாரங்களில் இது எதில் சிலிகேட் என வழங்கும். நுண்ணிய வார்ப்பு அச்சுக்களில் மணலைப் பிணைக்கவும், துத்தநாகத்தூள் கலந்த துருத்தடுப்புப் பூச்சுக்கள் செய்யவும் இது உதவுகிறது. இத்தகைய திரவம் கழிவுநீர் வழியாகவோ, விபத்தினாலோ ஓர் ஏரியை அடையுமானால் அங்குள்ள மீன்களுக்கு யாது நேரும்? இதற்கு விடை காணும் சோதனைகளையும், அவற்றின் முடிவைப் புரிந்துகொள்ளும் முறையையும் கீழே காணலாம்.

மூன்று சோதனைகள்

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் வகுத்துள்ள விதிகளின்படி மூன்று வகை உயிர்கள் சோதிக்கப்படுகின்றன. பாசியின் வளர்ச்சி 72 மணி நேரமும், டாப்னியா என்னும் நீர்த்தெள்ளின் அசைவு 48 மணி நேரமும், மீனின் உயிர்நிலை 96 மணி நேரமும் கவனிக்கப்படுகின்றன. உணவுத் தொடரில் பாசியை நீர்த்தெள்ளும், நீர்த்தெள்ளை மீனும் உண்பதால், மூன்றும் சேர்ந்தே நீர்நிலையின் நலத்தைக் காட்டும்.

சோதனை மீன்களில் பாதி இறக்கும் செறிவு, பாதிச் சாவுச் செறிவு எனப்படும். ஐக்கிய நாடுகளின் உலகப் பொது வகைப்பாட்டின்படி இது லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவானால் கடுநச்சின் முதல் வகை; 1 முதல் 10 வரை இரண்டாம் வகை; 10 முதல் 100 வரை மூன்றாம் வகை. 100 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பொருள் இவ்வகைகளுள் அடங்காது.

நீரில் நிகழும் மாறுதல்

உப்பையோ தாமிரத்தையோ சோதிக்கும்போது, தொட்டியில் இட்ட பொருள் இறுதி வரை அப்பொருளாகவே இருக்கும். சிலேனின் இயல்பு வேறு. அது நீருடன் வினைபுரிந்து சிதைகிறது. இதனை நீராற்பகுப்பு என்பர். எதில் சிலிகேட் சிதையும்போது எதில் ஆல்கஹாலும் சிலிஸிக் அமிலமும் உண்டாகின்றன. நடுநிலை நீரில், 25 பாகை வெப்பநிலையில், சுமார் நான்கரை மணி நேரத்தில் பொருளில் பாதி மாறிவிடுகிறது. நீர் அமிலத்தன்மையோ காரத்தன்மையோ மிக்கதாயின் கால் மணி நேரத்துக்குள்ளேயே பாதி மாறும். ஆகவே 96 மணி நேரச் சோதனையின் பெரும்பகுதியில் மீன் சந்திப்பது சிலேனை அன்று, அதன் விளைபொருள்களையே ஆகும்.

இதனால் சோதனை அறிக்கையில் இரு விவரங்கள் இன்றியமையாதவை. ஒன்று, கரைசல் தயாரித்து எவ்வளவு நேரம் கழித்து மீன்கள் விடப்பட்டன என்பது. மற்றொன்று, சோதனையின் தொடக்கத்திலும் இறுதியிலும் நீரில் உண்மையில் அளந்து கண்ட செறிவு. இட்ட அளவை மட்டும் குறிப்பிடும் அறிக்கை அரைகுறையானது.

எல்லாச் சிலேன்களும் ஒரே விளைபொருளைத் தருவதில்லை. மெதில் ட்ரைகுளோரோ சிலேன் நீர் பட்டவுடன் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தருகிறது. அதன் 100 மில்லிகிராமிலிருந்து 73 மில்லிகிராம் அமிலம் கிடைக்கும். அமிலத்தை நடுநிலையாக்கும் உப்புக்கள் குறைந்த நீராயின், மீனைக் கொல்வது அந்த அமிலமே.

எண் கூறாத அபாயம்

எதில் சிலிகேட்டின் விளைபொருள்கள் மேலோட்டமாகப் பார்த்தால் அச்சம் தருவன அல்ல. சிலிஸிக் அமிலம் இயற்கை நீரிலேயே உள்ளது. டயாட்டம் என்னும் பாசிகள் தம் ஓட்டை அதனைக் கொண்டே அமைக்கின்றன. எதில் ஆல்கஹாலும் சிறு அளவில் மீனுக்குக் கடும் நஞ்சன்று. எனினும் அபாயம் அந்த ஆல்கஹாலில்தான் மறைந்துள்ளது.

லிட்டருக்கு 100 மில்லிகிராம் எதில் சிலிகேட் முழுதும் சிதைந்தால் சுமார் 88 மில்லிகிராம் ஆல்கஹால் உண்டாகும். நுண்ணுயிர்கள் இதனை முற்றிலும் எரித்துத் தீர்க்க ஏறக்குறைய 184 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். ஆனால் 25 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியான பிராணவாயுவையே தாங்கும். சோதனைத் தொட்டியில் பிராணவாயு குறையாதபடி விதிகள் காக்கின்றன. தேங்கிய ஏரிக்கு அத்தகைய காப்பு இல்லை.

மீன்வளத்துக்கு உகந்த நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் பிராணவாயு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். காற்றிலிருந்து புதிதாகப் பிராணவாயு சேராத நிலையில், லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் எதில் சிலிகேட்டே 8-லிருந்து 4-க்கு இறக்கப் போதுமானது. நுண்ணுயிர்கள் ஆல்கஹாலில் ஒரு பகுதியைத் தம் உடலாக மாற்றிக்கொள்வதாலும், காற்று ஓரளவு கலப்பதாலும், உண்மையான இறக்கம் இதனினும் குறைவாகவே இருக்கும். எனினும் பாடம் தெளிவானது: நச்சு வகைப்பாட்டில் இடம் பெறாத பொருளும் மீன்களை மூச்சுத்திணறச் செய்யக்கூடும்.

களத்தில் செய்யத்தக்கவை

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரத்தின்படி, நீர்த்துப்போகாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் உயிருடன் இருக்க வேண்டும். இச்சோதனையுடன் நில்லாது, மீன் இறந்த இடத்தில் கரைந்த பிராணவாயுவையும் அமில காரத் தன்மையையும் உடனே அளத்தல் அவசியம். விங்க்லர் முறையைக் கையாளுவோர் மாங்கனீஸ் கரைசலையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். நிலைப்படுத்தாத நீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றால் அளவு மாறிவிடும். விடியற்காலையே அளப்பதற்கு ஏற்ற வேளை. இரவு முழுவதும் பாசிகளும் சுவாசிப்பதால் அப்போதுதான் பிராணவாயு மிகவும் தாழ்ந்திருக்கும்.

நிகழ்ச்சிக்கு ஒரு நாள் கழித்து எடுத்த நடுநிலை நீரில் எதில் சிலிகேட் நாற்பதில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். ஆகவே 'சிலேன் காணப்படவில்லை' என்ற ஆய்வு முடிவைக் கொண்டு அது விடப்படவே இல்லை என்று கூறுதல் பிழை. ஆல்கஹாலையும் கரைந்த சிலிக்காவையும் தேடுமாறு ஆய்வுக்கூடத்தைக் கேட்க வேண்டும். சிலிக்கா இயற்கையிலும் உள்ளமையால், மாசு புகுந்த இடத்துக்கு மேற்புறத்து நீரையும் ஒப்புநோக்க எடுத்து அனுப்ப வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காக அமைக்கலாம். 208 கிராம் எதில் சிலிகேட் 72 கிராம் நீருடன் சேர்ந்து 184 கிராம் ஆல்கஹாலையும் 96 கிராம் சிலிஸிக் அமிலத்தையும் தருகிறது. இருபுறமும் 280 கிராம். பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது என்ற விதியை மாணவர் இதில் காண்பர். நீரில் விழுந்த பொருளின் பெயரை அறிவதோடு அமையாது, அது எதுவாக மாறிற்று என்று கேட்கும் பழக்கமும் அவர்களிடம் வளரும்.