தந்தைமையை அறியும் டி.என்.ஏ. சோதனை

குழந்தை தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வில் ஏறத்தாழப் பாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்த உயிரணுக்களில் ஏறத்தாழ 20 குறியிடங்களை ஆய்வுக்கூடத்தார் ஒப்பிடுவர். ஓரிடம் மட்டும் பொருந்தாவிடின் அது திடீர் மரபு மாற்றமாகவும் இருக்கலாம். பல இடங்கள் பொருந்தாவிடின் அவர் தந்தையல்லர். யாவும் பொருந்தினால் உறவின் நிகழ்தகவு கணக்கிடப்படும்.

வீட்டிலேயே எடுத்தனுப்பும் மாதிரி எவருடையது என்பதற்குச் சாட்சியில்லை. ஆதலின் அம்முடிவு நீதிமன்றத்தில் நிற்பதரிது. மேலும், தம்பதியர் கூடும் வாய்ப்பின்மை மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, மணவாழ்வில் பிறந்த குழந்தை முறையானதே என 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் கொள்கிறது. இரத்தச் சோதனைக்கு வழக்கமாக ஆணையிடலாகாது என 1993ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐயத்தோடு வருவோர்க்கு இவற்றை விளக்கி, குழந்தைக்கு ஊறு நேராவண்ணம் வழிகாட்டுதல் களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோர் கடமையாகும்.