நள்ளிரவில் வயிற்று வலி

இரவு பத்தரைக்குப் பரோட்டா, சால்னா. பதினொன்றுக்குப் படுக்கை. ஒரு மணிக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல். நேயர்களே, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்திருக்கும்போது புவியீர்ப்பு அமிலத்தை இரைப்பையிலேயே தங்க வைக்கிறது. படுத்ததும் அந்த உதவி போய்விடுகிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும்.

வெறும் வயிற்றில், நடுநிசி தாண்டி வந்து, இரண்டு பிஸ்கட் தின்றதும் அடங்குகிற வலி வேறு ரகம். குடல்புண்ணாக இருக்கலாம். வீட்டில் மிளகாயின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. இல்லையென்றால், மூட்டுவலிக்கென்று நாமே கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். துணிச்சல்தான்! 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிதான் என்று பரிசோதனையில் தெரிந்தால், மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்துகளால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம். மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.