574 புள்ளிகளைத் தின்ற நாலாவது இலக்கம்

கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் புதிய குறியீட்டெண் ஒன்றை 1000 புள்ளிகளில் தொடங்கியது. 1983 நவம்பரில் அது 524.811-இல் கிடந்தது. திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த சரியான மதிப்பு 1098.892. சந்தை ஏறியிருக்கிறது, பலகையில் மட்டும் பாதியாகத் தேய்ந்திருக்கிறது.

ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பின்னும் குறியீடு புதிதாகக் கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3000 தடவை. அத்தனை தடவையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நிரல் வெட்டி எறிந்தது. சராசரி இழப்பு 0.0005தான். 3000-ஆல் பெருக்கினால் நாளுக்கு ஒன்றரைப் புள்ளி! வெட்டாமல் முழுமையாக்கியிருந்தால் சில தடவை கூடும், சில தடவை குறையும்; பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும்.

முழுமையாக்கும்போது சரிபாதியில் நிற்கும் எண்ணில்தான் தகராறு. பள்ளிக்கூடக் கணக்கில் 2.5 என்றால் 3, எக்செலும் அப்படியே. பைத்தான் 3 மொழியின் ரவுண்ட் என்ற சார்பு 2 என்கிறது, 3.5-க்கோ 4 என்கிறது. பிழையல்ல. பாதியை எப்போதும் மேலே தள்ளினால் கூட்டுத்தொகை மெல்ல வீங்கும் என்பதால், பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி.

இதைவிடப் பொல்லாதது இன்னொன்று. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வைக்க, நூறால் பெருக்கி, முழுமையாக்கி, நூறால் வகுக்கும் பழைய உத்தியை ஜாவாஸ்கிரிப்ட்டில் 1.005-க்குப் போட்டுப் பாருங்கள். 1.01 வராது, 1 வரும். கணினி எண்ணை இரும முறையில் வைக்கிறது. பத்தில் ஒரு பங்குகூட அதில் முடிவில்லாமல் நீளும் பின்னம். எங்காவது நிறுத்தியாக வேண்டும். நாம் தட்டிய 1.005 உள்ளே ஏறத்தாழ 1.00499999999999989 ஆகிவிடுகிறது. பாதியையே எட்டாத எண்ணை மேலே ஏற்றவில்லை என்று ரவுண்ட் மீது பழிபோட முடியுமா?

பணக் கணக்கென்றால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வதுதான் என் பார்வையில் தொல்லை குறைந்த வழி. வட்டி, வரி என்று சதவீதம் நுழையும் இடத்தில் பைத்தானின் டெசிமல் என்ற எண் வகை கைகொடுக்கும். பாதி எண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அதில் நாமே சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: எண்ணை மேற்கோள் குறிக்குள் '1.005' என்று எழுத்தாகக் கொடுங்கள். குறியில்லாமல் கொடுத்தால், ஏற்கெனவே குறைந்துபோன எண்ணைத்தான் டெசிமல் கடைசி இலக்கம் வரை பத்திரமாகக் காப்பாற்றும்.